காற்று குடித்த பனி

காலையிலிருந்து ரேடார் படத்தில் ஊர் முழுக்க நீலம். நீலம் என்றால் பனி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாலை காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டுப் பனிகூட இல்லை. மேலே பெய்வது எங்கே போகிறது? நோரீன் ப்ரூபேக்கருக்கு விளங்கவே இல்லை.

பென்சில்வேனியாவில், மலையடிவாரத்து அந்தச் சிற்றூரின் பல் மருத்துவமனையில் அவள் வரவேற்பாளர். ஆசைக்காக இணையத்தில் ஊருக்கென்று ஒரு வானிலைப் பக்கம் நடத்திவந்தாள். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை பனிப்புயல் வரும் என்று எழுதினாள். இரண்டு முறையும் வானம் கறுத்ததோடு சரி. அந்த ஊர் நம்பிக்கைப்படி, பனி பெய்து பள்ளிக்கு விடுமுறை கிடைக்கட்டும் என்று பைஜாமாவை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிய பிள்ளைகள், மறுநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு மனசே சரியில்லை. இதுவும் பொய்த்தால் பக்கத்தை மூடிவிடுவது என்று இருந்தாள்.

அடுத்த வீட்டு கோர்டன் ஹெஸ் ஒரு தட்டோடு உள்ளே வந்தார்.

“இந்தா, பிரெஞ்சு டோஸ்ட். புயல் புயல்னு நீ சொல்லி நான் வாங்கிக் குவிச்ச ரொட்டி, பாலு, முட்டை. வேற என்ன பண்றது?”

“குத்திக் காட்டாதீங்க கோர்டன். இன்னிக்கும் வரலேன்னா கடைய மூடிடறேன்.”

“அட போம்மா! நீ மூடிட்டா நான் யாரக் கிண்டல் பண்றது?” என்று சிரிக்கப்போனவர் முகத்தைச் சுளித்தார். “ஸ்ஸ்... உதடு வெடிச்சுக் கெடக்கு. வெளிய அடிக்கிற காத்து நாக்கு ஈரத்தக்கூட உறிஞ்சுது.”

“உறிஞ்சுதா?”

நோரீன் சட்டென்று கணினிப் பக்கம் திரும்பினாள். பக்கத்து விமான நிலையத்தின் கருவி காட்டிய ஈரப்பதத்தைத் தேடினாள். காலையில் பாதிகூட இல்லை. இப்போது முக்கால் பங்கு.

“கோர்டன், இங்க பாருங்க! ரேடார் ரொம்ப தூரத்துல இருக்கு. அதோட கதிர் நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள எவ்வளவோ உசரத்துக்குப் போயிடுது. அங்க பனி பெய்யுறது நெஜம்தான். கீழ வர்ற வழியில காஞ்ச காத்து அதக் குடிச்சிடுது.”

“அப்ப இன்னிக்கும் அம்போவா?”

“இல்ல. குடிக்கக் குடிக்க காத்து ஈரமாகுது, குளிருது. அடுத்து விழறது இன்னும் கொஞ்சம் கீழ வருது. முந்தின ரெண்டு தடவையும் காத்தோட தாகம் தீர்றதுக்குள்ள மேகமே நகந்துடுச்சு. இந்த மேகம் நாளைக்கு வரைக்கும் நிக்கும்.”

“அப்ப நான் இன்னும் ரொட்டி வாங்கணுமா?”

“வாங்குங்க!”

மாலையில் ஈரப்பதம் நிறைந்தது. கோர்டன் வாசலில் நின்று கையை நீட்டினார். கோட்டுக் கையில் ஒரு வெள்ளைத் துகள், பிறகு இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. “ஏய் நோரீன், வந்து பாரு!” என்று அவர் தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அவள் தன் வானிலைப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்: “ரேடாரில் பனி தெரிந்த நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். தரையருகே ஈரப்பதத்தைப் பாருங்கள். அது நிறையும்வரை விழுவது காற்றுக்கு. நிறைந்த பிறகு மேகம் எவ்வளவு நேரம் நிற்குமோ, அவ்வளவு நேரப் பனிதான் நமக்கு.”