உப்புப் பார்க்கிறவர்

படகைத் தண்ணீரில் இறக்கிய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், உள்ளறையின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நான்கு விரற்கடைத் தண்ணீர் நின்றது. போன மாதம் மெத்தை உறை தைக்கும்போது காணாமல் போன என் நூல்கண்டு அதில் நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், அட, நீ இங்கேயா இருக்கிறாய் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது எதில் மிதக்கிறது என்பது உறைத்தது.

பழைய பாய்மரப் படகுக்குள் தண்ணீர் வர இரண்டே வழி. மேல்தளத்தில் போல்ட் முடுக்கிய ஓட்டைகள், ஜன்னல் ஓரங்கள் வழியாக மழைத் தண்ணீர் இறங்கலாம். அது நல்ல தண்ணீர். ஒரு டியூப் பசையும் ஒரு நாள் வேலையும் போதும். இன்னொன்று கீழேயிருந்து வருவது. அது கடல். கடல் உள்ளே வருகிறது என்றால் கிரேன் வைத்துப் படகை வெளியே எடுத்து, முட்டுக் கொடுத்து நிறுத்தி, வயிற்றுப் பக்கம் முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். கிரேனுக்கு ஒன்றரை மாதம் வரிசை. எங்களிடம் இருந்தது ஆறு நாள். படகிலேயே குடியேறுவது என்று முடிவு செய்து, மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஜன்னல்களை அளந்துகொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்ததும் நான்தான். நம் வீட்டிலிருந்து நம்மையே அனுப்புவதற்கு இவ்வளவு நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்த ஒருத்தி என்னைத் தவிர வேறெங்கும் இருக்க மாட்டாள்.

எனக்குப் படகுப் பட்டறையின் பின்பக்கத்தில் ஒரு கொட்டகை. கிழிந்த படகுப் பாய், மெத்தை உறை, மூடுதுணி எல்லாம் அங்கே தைப்பேன். என் வீட்டுக்காரருக்குப் படகுகளைச் சீர்செய்யும் வேலை. பாய்மரத்தின் கம்பிகள், பம்பு, ஒயரிங், எது என்றாலும் செய்வார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் படகுகளை அழகுபடுத்திவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் எங்களுக்கென்று ஒன்றைப் பிடித்தோம். முப்பத்தெட்டு வயதான ஒற்றைப் பாய்மரப் படகு. வாங்கும்போது சுருட்டி வைத்திருந்த பாய்க்குள் ஒரு பறவைக் குடும்பம் இருந்தது. தினமும் வேலை முடிந்த பிறகு இருட்டும்வரை அதிலேயே கிடந்தோம். அவர் கம்பி ஒவ்வொன்றையும் மாற்றினார். நான் வீட்டுக் கட்டில்களை வெளியே தள்ளிவிட்டுக் கூடத்தில் பெரிய பாயை விரித்துத் தைத்தேன். என் தங்கை போன் செய்யும்போதெல்லாம், தரையில் குடித்தனம் பண்ணவே மூச்சு முட்டுகிறது, உனக்குக் கடலில் கேட்கிறதா என்பாள். உண்மையைச் சொன்னால் ஆசை என்னுடையதுதான். அவ்வளவு மெத்தை தைத்திருக்கிறேன், ஒன்றில்கூடப் படுத்துத் தூங்கியதில்லை.

உள்ளே வந்த தண்ணீர் எது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். இந்த விஷயத்தில் பட்டறையில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. கரிக்கிறதா இல்லையா என்பது மட்டுமல்ல, இது போன வாரத்து மழை, இது குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒழுகியது என்றுகூடச் சொல்லிவிடுவார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். படகுக்காரர்கள் குவளையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர்களைப்போல அவர் முன்னால் நிற்பார்கள். கொஞ்ச நாளாக மட்டும், உங்க படகு, நீங்களே நக்கிப் பாருங்க என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தலைக்கனம் ஏறிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும்தான்.

அன்று காலை அவரைக் கூப்பிட்டேன். குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான். வெள்ளிக்கிழம பேஞ்ச மழை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று முழுக்க மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிகளின் போல்ட்டுகளைக் கழற்றிப் பசை வைத்துத் திரும்ப முடுக்கினோம். அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. மேலே திருப்புளியோடு ஒருவர், கீழே அலமாரிக்குள் தலையை விட்டு ஸ்பானரோடு இன்னொருவர். முகம் தெரியாது, பேச்சும் கேட்காது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் சுற்று. ஆறு போல்ட் முடிந்ததும், முதுகு விண்டுபோகிறது, மிச்சம் ஒன்று கிடக்கட்டும் என்று நான் அலமாரிக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றித் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலையில் மெத்தைகளைக் கொண்டுவந்தபோது மறுபடி பலகையைத் தூக்கினேன். மறுபடி தண்ணீர். இரவு ஒரு தூறல்கூட இல்லை. வீட்டு வாசலில் எடுக்க மறந்த துணி விடிய விடியக் கிடந்து மொறமொறவென்று காய்ந்திருந்தது. விரலை நனைத்து வாயில் வைத்தேன். உப்பு. சந்தேகமே இல்லாத உப்பு. துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதரின் நாக்கு தப்பாது. அப்படியென்றால் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார். ஓட்டைப் படகில் என்னைக் குடிவைக்கத் துணிந்திருக்கிறார். எழுந்து அவரைத் தேடிப் போனேன்.

அவர் அடுத்த துறையில் வேறொரு படகின் பாய்மர உச்சியில் கயிற்று இருக்கையில் தொங்கியபடி வேலை செய்துகொண்டிருந்தார். நாற்பது அடி உயரத்தில் தொங்குகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் இறங்குகிற வரையில் கீழே காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் புத்தி விஷமமாக வேலை செய்தது. துறை ஓரத்தில் குனிந்து கடலிலேயே ஒரு குவளை மொண்டு வைத்துக்கொண்டேன். அவர் இறங்கியதும், இது நம் படகில் இன்றைக்கு நின்ற தண்ணீர், பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினேன்.

விரலை நனைப்பார் என்று நினைத்தேன். அவர் குவளையை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விழுங்கியும்விட்டார். என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நேத்து மாதிரிதான் இருக்கு" என்றார்.

"அது கடல் தண்ணி. இப்பத்தான் மொண்டேன்."

அவர் குவளையைப் பார்த்தார். பிறகு அங்கே சுருட்டி வைத்திருந்த வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்தார். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாரே, அதிலிருந்து நாக்கிலும் மூக்கிலும் ஒன்றுமே தெரிவதில்லை என்றார். சூடு தெரியும், சில்லென்று இருந்தால் தெரியும், அவ்வளவுதான். இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று தள்ளிக்கொண்டே வந்தாராம். எஞ்சின் அறைக்குள் போனால் டீசல் கசிகிறதா, ஒயர் கருகுகிறதா என்று மோந்து சொல்ல வேண்டும். மூக்கு இல்லாத ஆளை யார் உள்ளே விடுவார்கள் என்று கேட்டார்.

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். பதினான்கு. காய்ச்சலுக்கு முன்னால் இந்த மனிதரோடு சாப்பாட்டு நேரம் என்பது ஒரு பரீட்சை. உப்பு ஒரு கல் கூடினால் தட்டு நடுக்கூடத்துக்கு நகர்ந்துவிடும். காய்ச்சலுக்குப் பிறகு ஆளே மாறிப்போனார். உப்பு சரியா இருக்கா என்று கேட்டால், சரியா இருக்கு. காரம்? சரியா இருக்கு. ஒருநாள் மறதியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். என்னால் ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை, அவர் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பாசம் என்று நினைத்துத் தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கப்பறம் தெரியலன்னு சொல்ல வாய் வரல. மழை பேஞ்சுதுல்ல, அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். தூக்கத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். திட்டத் திட்டக் கோபம் இறங்கி, அதற்குக் கீழே இருந்த வருத்தம் தெரிய ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய இருட்டை இந்த மனிதர் ஒண்டியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், பக்கத்திலேயே படுத்துக் கிடந்தும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னதைவிட அதுதான் உறுத்தியது.

"எந்திரிங்க," என்றேன். "நாக்குக்கு நான் வர்றேன். கை ஒங்களுது."

தண்ணீரை இறைத்துப் பழைய துண்டுகளால் பலகைக்கு அடியிலிருந்த பள்ளம் முழுக்க ஒற்றி எடுத்தோம். தையல் சாக்கட்டியைக் கத்தியால் சீவி, மாவு தூவுகிற மாதிரி எங்கும் தூவினேன். ஈரம் எங்கிருந்து வந்தாலும் அதில் கோடு போட்டுவிடும். அரை மணி நேரத்தில் ஒரு கோடு தெரிந்தது. பின்பக்கம், எஞ்சினுக்கு அடியிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது. படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றுகிற தண்டு படகைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிற இடம் அது. அங்கே தண்ணீர் புகாமல் கொழுப்புத் தடவிய கயிற்றைச் சுற்றி ஒரு பெரிய நட்டால் இறுக்கியிருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். நட்டின் விளிம்பில் ஒரு துளி திரண்டு விழுந்தது. எட்டித் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு என்றேன். புதுக் கயிறு சுற்றியது அவர்தான். தண்டு சூடாகக் கூடாது என்று கொஞ்சம் தளர்த்தி விட்டாராம். உப்பு என்று தெரிந்திருந்தால் முதலில் இங்கேதான் வந்திருப்பேன் என்று முணுமுணுத்தார். இரண்டு ஸ்பானர் போட்டுக் கால் சுற்று இறுக்கினார், பொறுத்தார், இன்னொரு கால் சுற்று. துளி நின்றது. ஆனால் கடல் வர அது ஒன்றுதானா வழி? துடைத்து, புதிதாகச் சாக்கட்டித் தூள் தூவி, பலகையை மூடினோம். மறுநாள் திறந்து பார்த்துத் தூள் தூளாகவே இருந்தால் எங்களுக்கு வீடு உண்டு.

மறுநாள் மதியத்துக்குள் திறக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல், செவ்வாய்க்கிழமை அந்தப் படகின் அடுப்பில் முதல்முதலாகச் சமைத்தேன். பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு தட்டு வைக்கத்தான் மேசையில் இடம். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"உப்பு சரியா இருக்கா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் மென்றுகொண்டே யோசித்தார்.

"தெரியல," என்றார். பிறகு, "சூடா இருக்கு. கொழகொழன்னு இல்ல. அது தெரியுது."

பதினான்கு மாதத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தூக்கினேன். எஞ்சின் பக்கம் தூள் தூவியபடியே கிடந்தது. இடது பக்கம் மட்டும் சுவரோரமாக ஒரு புதிய கோடு, நடுப்பள்ளத்தில் ஒரு கரண்டித் தண்ணீர். என் கை அப்படியே நின்றது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். சாக்கட்டி ருசி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நல்ல தண்ணி."

அவர் நகரவில்லை.

"நெஜமாவா? இல்ல, என் மூஞ்சியப் பாத்து சொல்றியா?"

கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். மெத்தையை நகர்த்தினேன், சுவரில் ஈரம் ஏறியது, அலமாரிக் கதவைத் திறந்தேன். அங்கே, முதுகு வலிக்கிறது என்று நான் விட்டுவந்த ஏழாவது போல்ட். அதன் நுனியில் ஒரு துளி தொங்கியது. அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அதற்கு நேராக விரித்து வைத்தேன்.

தலைக்கு மேலே மழை தளத்தில் படபடத்தது. துளி மெல்லப் பருத்து, நீண்டு, அவர் கையில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அடுத்தது திரளத் தொடங்கியிருந்தது.