வாயிலோன் இல்லாத படம்

படம் எப்படி இருந்தது என்று என்னிடம் இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: மோசம். ஏழு பேர் கொண்ட வீரர் கூட்டத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்கள் ஆறு பேரை மட்டும் வைத்து எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு ஊர்வலம் போன கதை.

'கோட்டை எழுவர்' சித்திரக்கதையை நான் ஒன்பது வயதிலிருந்து படிக்கிறேன். இடையில் ராணுவத்துக்குப் போனேன், திரும்பி வந்து கோதுமைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன், நடீனைக் கல்யாணம் செய்துகொண்டேன். எது வந்து எது போனாலும் மாதா மாதம் வரும் அந்த இதழை மட்டும் தவறவிட்டதில்லை. எழுவரில் ஏழாவது ஆளின் பெயர் வாயிலோன். பகலில் ஓட்டல் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலை அவனுக்கு. பறக்கத் தெரியாது, கண்ணிலிருந்து நெருப்பும் வராது. புதிதாகப் படிக்கிறவர்கள் அவனை உப்புக்குச் சப்பாணி என்று சிரிப்பார்கள். ஆனால் கோட்டைக்கு ஆபத்து வந்தால் முதலில் சங்கு ஊதும், அடுத்து கதவு தட்டும் சத்தம் கேட்கும். வாயிலோன் தட்டாமல் எங்கேயும் நுழையமாட்டான். பதில் வரும்வரை தட்டுவதை நிறுத்தவும் மாட்டான். உள்ளே இருக்கும் ஆறு பேரும் ஒரே குரலில் "கதவு திறந்துதான் இருக்கு, வா!" என்பார்கள். அதற்குப் பிறகு எழுவர் தோற்ற இதழ் ஒன்றுகூட இல்லை.

அந்தச் சங்கைப் பற்றி எங்களுக்குள் பெரிய வழக்கு உண்டு. சித்திரக்கதையில் சத்தம் ஏது? பக்கத்தின் குறுக்கே மஞ்சள் எழுத்தில் 'வூஊஊஊஊம்' என்று போட்டிருக்கும். அதை எப்படி வாசிப்பது? சித்திரக்கதைக் கடை நடத்தும் வெண்டல் சிகாகோக்காரன். அது ஆலைச் சங்கு மாதிரி ஏறி இறங்கும் என்பான். நான் கான்சஸில் பிறந்து வளர்ந்தவன். சூறாவளிக்காக எங்கள் ஊரில் வைத்திருக்கும் சங்கைச் சோதனைக்காக மாதம் ஒருமுறை மதியத்தில் ஊதுவார்கள். ஒரே சுருதியில், இழுத்தாற்போல் ஊதும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த சங்கு அது ஒன்றுதான். அதைத்தான் அந்த மஞ்சள் எழுத்துக்குள் வைத்து வாசித்தேன். வெண்டலும் நானும் இதற்காகவே சில வாரங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

படம் வந்தபோது எங்கள் ஊரின் பழைய தியேட்டரை வெண்டல் ஒரு சாயங்காலக் காட்சிக்கு மொத்தமாகப் பிடித்தான். கடைக்கு வழக்கமாக வரும் நாங்கள் மட்டும்தான். நடீன் என்னைக் கொண்டுவிட வந்தாள். படம் முடிந்ததும் அவள் தங்கை வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு, சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பும் பட்டைத்தூள் போட்ட பன்னும். வேனைத் தியேட்டருக்கு எதிரே நிறுத்திவிட்டு அவள் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்த்தாள். மாட்டுத் தொட்டியில் பாசி பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது வானம்.

"காத்தே இல்ல பாத்தியா? எனக்கு இது புடிக்கல."

"மே மாசம்னா இப்படித்தான். நீயும் உள்ள வாயேன். சீட்டு காலியாத்தான் கெடக்கு."

"வந்தா தூங்கிடுவேன். நான் கொறட்ட விட்டா உன் கூட்டாளிங்க என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க. பேன்ட்டு மேல ஜட்டி போட்டுக்கிட்டு பறக்கறவன ரெண்டு மணி நேரம் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நான் புஸ்தகம் படிச்சுக்கிட்டு இங்கயே இருக்கேன்."

"வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் வா."

"போயிட்டு வர்றதுக்குள்ள ஊர் இருக்கணுமே." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சங்கு ஊதிச்சுன்னா?" என்றாள்.

"ஊதினா எனக்குக் கேக்காதா? எந்திரிச்சு ஓடி வந்துடறேன்."

"நடுப்படமா இருந்தாலுமா?"

"நடுப்படமா இருந்தாலும்."

"நீ வராம நான் வண்டிய எடுக்க மாட்டேன் லைல். அத மண்டையில வெச்சுக்கோ."

உள்ளே வெண்டல், இதழ்களை அடுக்கும் நீளமான வெள்ளை அட்டைப்பெட்டியோடு நின்றான். போன முறை ஒருவன் போனில் எதையோ படித்துவிட்டு முடிவை உளறிவிட்டான். அதிலிருந்து எல்லோருடைய போனும் படம் முடியும்வரை பெட்டிக்குள் போய்விடும்.

"நடீன் வெளிய இருக்காடா. கூப்பிட்டாலும் கூப்பிடுவா."

"கல்யாணம் ஆகி இத்தன வருஷம் கூப்பிட்டது பத்தாதா? போடு." போட்டேன். பெட்டியை டிக்கெட் மேசைமேல் வைத்தான். தியேட்டர்காரர் படத்தை ஓடவிட்டுச் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஓசியில் பார்க்க யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று வெண்டல் முன்கதவுக்குத் தாழ் போட்டான். திரைக்குப் பக்கத்தில் சந்துப் பக்கம் ஒரு இரும்புக் கதவு உண்டு. அதை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும்.

படத்துக்கு வருகிறேன். கோட்டை வந்தது, ஆனால் கண்ணாடிக் கட்டடமாக வந்தது. ஆறு பேரும் வந்தார்கள், வந்து ஆளுக்கொரு நகைச்சுவை சொன்னார்கள். அடி வாங்கும்போதும் நகைச்சுவை, அழும்போதும் நகைச்சுவை. வாயிலோனைப் பற்றி ஒரு பேச்சுக்கூடக் கிடையாது. சங்குக்குப் பதிலாக எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, ஆபத்து என்றால் அது 'கிய்ங், கிய்ங்' என்கிறது. எங்கள் வீட்டுச் சலவை மெஷின் வேலை முடிந்தால் அப்படித்தான் கத்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசிச் சண்டைக்குச் சற்று முன்னால் கூரைமேல் எதையோ வாரி இறைத்த மாதிரி சத்தம் கேட்டது. ஆலங்கட்டி மழையா, படமா என்று தெரியவில்லை. வேனின் கூரை தகரம்தானே என்று தோன்றியது. பாதி எழுந்தேன்.

"ஒக்காருங்க அண்ணே, மறைக்குது," என்றாள் பின்வரிசையிலிருந்து டார்லா.

"படத்துலதான்டா இடி," என்றான் வெண்டல். "சங்கு ஊதினா கேக்கத்தான போவுது."

அதுவும் சரி என்றுதான் எனக்கும் பட்டது. உட்கார்ந்தேன்.

சண்டை முடிந்தது, ஊர் பிழைத்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின. எங்கள் கூட்டத்தில் பெயர் ஓடும்போது எழுந்து போகிறவன் மனிதனே இல்லை. இந்த மாதிரிப் படங்களில் பெயரெல்லாம் ஓடி முடிந்தபின் துண்டாக ஒரு காட்சி ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்காகத்தான் காத்திருந்தோம். திரை கருப்பு, வெள்ளை எழுத்து, மெல்லிய இசை.

அப்போது சங்கு ஊதியது.

ஒரே சுருதி. ஒன்பது வயதில் என் காதுக்குள் ஊதிய அதே சங்கு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு மொத்தத் தியேட்டரும் கை தட்டியது. டார்லா அழுதேவிட்டாள். வெண்டல் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"நீ சொன்னதுதான்டா சரி," என்றான். "ஏறல, எறங்கல. நீ சொன்னதுதான் சரி."

அந்த வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிடம் என்னைவிடச் சந்தோஷமான ஆள் கான்சஸில் இருந்திருக்கமாட்டான்.

சங்கு நிற்காமல் ஊதியது. அதற்குள்ளே, திரைப் பக்கத்திலிருந்து, கதவு தட்டும் சத்தம் கேட்டது. இரும்பில் கையால் அறையும் சத்தம். டம், டம், டம்.

"வந்துட்டான்," என்று யாரோ சொன்னார்கள். "ஒளிச்சு வெச்சிருந்திருக்காங்க பாரு, படுபாவிங்க."

வாயிலோன்தான். படம் முழுக்க அவனை மறைத்துக் கடைசியில் கொண்டு வருகிறார்கள். எடுத்தவர்களை நான் திட்டிய திட்டையெல்லாம் மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தட்டல் நிற்கவில்லை, பதில் வரும்வரை அவன் நிறுத்தமாட்டானே. என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றோம். ஒரே குரலில் கத்தினோம்:

"கதவு திறந்துதான் இருக்கு, வா!"

தட்டல் இன்னும் வேகமானது. நாங்கள் சிரித்தோம். மறுபடி கத்தினோம்.

பிறகு ரயில் ஒன்று கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகிற மாதிரி இரைச்சல். தரை நடுங்கியது, கூரையிலிருந்து காரை உதிர்ந்தது. தட்டல் நின்றது. அடுத்து கதவு திறக்கும், அவன் நுழைவான் என்று எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரை அணைந்தது. இசையும் நின்றது. சங்கு மட்டும் நிற்கவில்லை.

அந்த இருட்டில்தான் எல்லோருக்கும் புரிந்தது. நான் நாற்காலிகளின்மேல் விழுந்து எழுந்து இரும்புக் கதவுக்கு ஓடினேன். கதவின் குறுக்கே இருந்த திறப்புக் கட்டையை அழுத்தித் தள்ளினேன். கதவு ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. வெண்டல் வந்து சேர்ந்து தள்ளினான், பிறகு எல்லோரும். சந்தின் அந்தப் பக்கத்திலிருந்த செங்கல் சுவர் அதன்மேல் சாய்ந்து கிடந்தது. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்க் கையாலேயே கல்லை அள்ளினோம். எதிரே வேன் இருந்த இடத்திலேயே நின்றது. கண்ணாடி உடைந்திருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. என் நடீன் வேனில் இல்லை. முன்கதவைத் தட்டிப் பார்த்து, அது திறக்காமல், சந்துக் கதவுக்கு வந்திருக்கிறாள். அவளை வெளியே எடுத்தபோது வலது கையின் விரல் முட்டிகள் நான்கும் பிய்ந்திருந்தன.

தியேட்டருக்குள் இருந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பக்கத்து ஊரில் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவனிடம் பிற்பாடு விசாரித்தேன். கடைசியில் காட்சி எதுவும் கிடையாதாம். பெயர்கள் முடிந்தால் படம் முடிந்தது, விளக்கைப் போட்டுவிடுவார்களாம். வாயிலோனும் இல்லை, சங்கும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மோசமான படம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நாங்கள் கத்தியது வெளியே கேட்டதா? கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், கத்திய பிறகுதானே தட்டல் வேகமானது. என் குரல் அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் நடுவில் கத்தினாலும் தெரியும்.

மாதம் பிறந்தால் வெண்டல் புது இதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். நான் கேட்பதில்லை, அவனாகக் கொண்டு வருகிறான். மணி அடிக்கமாட்டான், கதவையும் தட்டமாட்டான். நான் தற்செயலாக ஜன்னல் வழியே பார்க்கும்வரை வாசலிலேயே நிற்பான், மழையானாலும். பார்த்ததும் நான் எழுந்து போய்த் திறந்துவிடுவேன். கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அதை நான் அவனிடம் சொன்னதில்லை.