கரும்பு விற்றுத் தீரும்வரை

மதுவந்தியின் கையிலிருந்த போனைப் பாகீரதி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"தம்பிக்குச் சொல்லியாச்சோல்லியோ, போதும். வேற யாருக்கும் பண்ணாதே. கரும்பு வித்துத் தீரட்டும்."

"அம்மா! அப்பா போய் அரைமணி கூட ஆகலை!"

"அதனாலதான் சொல்றேன்."

கட்டிலில் மஹாதேவன் அமைதியாகக் கிடந்தார். எட்டு மாதம் மூச்சுக்குப் போராடியவர். அது நின்றபோது பாகீரதிக்கு முதலில் வந்தது அழுகையில்லை, அப்பாடா என்ற பெருமூச்சுதான். அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. அடுத்த நிமிஷமே கடை ஞாபகம் வந்தது.

கொல்கத்தாவின் டாக்குரியாவில் தமிழர்கள் பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவுக் கடை அது. முப்பது வருஷம் அவர்தான் செயலாளர். உறுப்பினர் யார் இறந்தாலும் அன்று முழுக்கக் கடையை மூட வேண்டும் என்று விதி போட்டவரும் அவரே. பெரிய மனசோடு போட்ட விதிதான். போகிறவர் நாள் பார்த்தா போகிறார்? மறுநாள் பொங்கல். சென்னையிலிருந்து ரயிலில் வந்த கரும்பும் மஞ்சள் கொத்தும் கடை வாசலில் குவிந்திருந்தன. இந்தப் பொங்கலுக்கும் ஜனம் கரியாஹாட் பெரிய கடைகளுக்கே போனால், இழுத்து மூடிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. இன்று ஷட்டர் இறங்கினால் அப்புறம் ஏறாது.

"அவர் போட்ட விதியை அவருக்கே மீறறோமேம்மா," என்றாள் மதுவந்தி.

"மீறிட்டுப் போறோம். தம்பி ஷ்யாம் பெங்களூர்லேர்ந்து வரச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அப்பா எங்கேயும் போகப் போறதில்லை."

"அழக்கூடக் கூடாதா?"

"சத்தம் போடாம அழு."

பதினொரு மணிக்கு ஏழுமலையின் போன் வந்தது. இருபது வருஷமாக அந்தக் கடையில் சாமான் நிறுப்பவன்.

"மாமி, பாதிக்கு மேல போயிடுச்சு! மாமா எப்படி இருக்காரு?"

"நன்னாத் தூங்கறார்ப்பா."

போனை வைத்துவிட்டுக் கணவரின் காதருகே குனிந்தாள். "பாதிக்கு மேல போயிடுத்தாம்," என்றாள்.

இரண்டரைக்கு ஏழுமலையே வந்து நின்றான். சட்டையெல்லாம் கரும்புத் தூசு, முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு கொத்துகூட மிச்சமில்ல மாமி. பக்கத்துத் தெரு பெங்காலிங்க கூட வந்து வாங்கிட்டுப் போனாங்க. மாமாகிட்ட நானே சொல்றேன்."

பாகீரதி தடுக்கவில்லை. உள்ளே போனவன் கட்டிலருகே அப்படியே நின்றுவிட்டான்.

"எப்ப மாமி?"

"கார்த்தால ஆறு மணிக்கு."

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குனிந்து பெரியவரின் பாதத்தைத் தொட்டு, "எல்லாம் வித்துப்போச்சு மாமா," என்றான் மெதுவாக.

"போய் ஷட்டரை எறக்கிடு," என்றாள் பாகீரதி. "நாளைக்குத் திறந்துடணும்."

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. பாகீரதி கணவரின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.