பைன் இலை மேல் போட்ட பழி

டாக்டர் பெக் டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கம்பியில் ஒன்பது வீடுகள் இருந்தன. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் மற்ற எட்டு வீட்டிலும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வார்கள். அதனால் அந்த மாட்டு வைத்தியர் பனியில் முப்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, நெல்ஸ் ஹோவ்லாண்டின் சமையலறையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எறநூத்தி முப்பதுல அம்பத்தெட்டு," என்றார்.

நெல்ஸ் கையிலிருந்த காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். "ரத்தம் எடுத்த சீசாவை மாத்தி வச்சிருப்பாங்களோ?"

"ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன் நெல்ஸ். கன்னு வீச்சு நோய்தான். சந்தேகமே இல்ல."

1955, நவம்பர் மாதம். நெல்ஸ் அப்போது மாநில மாடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். பதினெட்டாவது தலைவர். அறுபத்தாறு வருஷம் முன்னால் மாட்டுத் திருடர்களைப் பிடிப்பதற்காகப் பதினோரு பேர் ஒரு குதிரை லாயத்தில் கூடி ஆரம்பித்த சங்கம் அது. அன்றைக்கு அவர்கள் எழுதிவைத்த முதல் விதியே, மாட்டுக்காரன் கூப்பிடாமல் எந்தச் சர்க்கார் ஆளும் அவன் வேலிக்குள் கால் வைக்கக்கூடாது என்பதுதான். அந்த விதியைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் பதினேழு தலைவர்களும் ஓட்டு வாங்கினார்கள்.

நெல்ஸ் அதை மாற்றக் கிளம்பியவர். சினைப்பசுக்கள் ஐந்தாம் மாசம், ஆறாம் மாசம் கன்றை வீசிவிடுகிற நோய் மாநிலம் முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. எல்லா மந்தைக்கும் கட்டாய ரத்தப் பரிசோதனை வேண்டும், நோய் கண்ட மாட்டை அடிமாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று டிசம்பர் மாநாட்டுக்கு ஒரு தீர்மானம் எழுதியிருந்தார். செயற்குழுவில் அதை வாசித்தபோது, முன்னாள் தலைவர் ராய்ஸ் டில்மன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"ஊரான் மாட்டைக் குத்திப் பாக்கறதுக்கு முன்னாடி உன் மாட்டைக் குத்திப் பாருய்யா."

"பாக்கறேன். முடிவை மாநாட்டுல சொல்றேன்," என்று நெல்ஸ் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த முடிவு வந்துவிட்டது.

டாக்டர் பெக் எழுந்தார். "நீயா ஆசைப்பட்டுப் பண்ணிக்கிட்ட சோதனை இது. என் வாயிலிருந்து வராது. அந்த அம்பத்தெட்டையும் சத்தமில்லாம அனுப்பிடு. தீர்மானத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடு. அவ்வளவுதான்."

அவர் போன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்த நெல்ஸின் மனைவி அல்மா திரும்பினாள்.

"ஐனெஸ் கறக்கிற மாடு நம்ம மாடு, நெல்ஸ்."

மூன்று வருஷம் முன்னால் பக்கத்துப் பண்ணை எம்மெட் கிராஃபுக்கு நெல்ஸ் பன்னிரண்டு கிடேரிகள் விற்றிருந்தார். அதில் சாதுவான ஒன்றை எம்மெட்டின் மனைவி ஐனெஸ் வீட்டுப் பாலுக்காகப் பழக்கி வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ஒரு வாரம் படுக்கை, ஒரு வாரம் நடமாட்டம். தேவாலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்த நோய் காய்ச்சாத பால் வழியாக மனுஷருக்கும் வரும் என்று நெல்ஸே நாலு கூட்டத்தில் பேசியிருக்கிறார். பேசிய வாய்க்கு அடுத்த வீடு ஞாபகம் வரவில்லை.

"நீ போறியா, நான் போகட்டுமா?" என்றாள் அல்மா.

"நானே போறேன்."

எம்மெட் தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துக்கொண்டிருந்தார். நெல்ஸ் சொல்லி முடிக்கும்வரை கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

"பன்னெண்டு கிடேரி," என்றார் எம்மெட். "கை குலுக்கி வாங்கினேன். காகிதம்கூடக் கேக்கல."

"தெரியும்."

"வீட்டுக்குப் போ நெல்ஸ். நான் ஏதாவது செஞ்சுடறதுக்கு முன்னாடி போயிடு."

வீட்டுக் கதவு திறந்தது. ஐனெஸ் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "உள்ள வந்து சொல்லச் சொல்லு. காய்ச்சல் எனக்குத்தானே?"

சமையலறையில் அடுப்போரம் அவள் உட்கார்ந்தாள். நெல்ஸ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம். டவுன் டாக்டர் என்ன சொன்னான் தெரியுமா? அந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் மனசு படுத்தும், கை வேலை ஏதாவது பின்னச் சொல்லுன்னான். இவரும் நூல் வாங்கிட்டு வந்தார்."

எம்மெட் தரையைப் பார்த்தார்.

"அப்ப இது என் மனசு இல்ல. நிஜமான சீக்கு."

"நிஜமான சீக்குதான். மருந்து இருக்கு," என்றார் நெல்ஸ்.

"சரி, ஒண்ணு சொல்லு. உன் மாடு எத்தனை வருஷமா கன்னு வீசுது?"

"ஆறு வருஷமா. பைன் இலையைத் தின்னுட்டு வீசுதுன்னு..."

"பைன் இலை தின்னா வீசும், சரி. வருஷா வருஷமா? உனக்குச் சந்தேகமே வரலையா?"

அந்தக் கேள்விக்கு நெல்ஸிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. மலைச்சரிவில் மேய விடுகிற எல்லோருமே பைன் இலை மேல்தான் பழியைப் போட்டார்கள், தானும் போட்டேன் என்கிற பதில். அது வாய்வரை வந்தது. ஐனெஸின் வீங்கிய முழங்கால்களைப் பார்த்ததும் அது வரவில்லை.

"வந்துச்சு. ரெண்டாவது வருஷமே வந்துச்சு. சோதிச்சுப் பாத்தா தெரிஞ்சு போயிடுமேன்னு பாக்கல."

"அப்ப எங்களுக்கு வித்தப்ப?"

"சந்தேகம் இருந்துச்சு, ஐனெஸ்."

எம்மெட் எழுந்து வெளியே போனார். கதவு சட்டத்தோடு அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பனிக்கட்டி உடைகிற சத்தம் கேட்டது; உடைய வேண்டியதைவிட அதிகமாகவே உடைந்தது.

"மாநாட்டுல இதைச் சொல்லுவியா? இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே, முழுசா?" என்றாள் ஐனெஸ்.

"சொல்றேன்."

"யாரோ ஒரு பொம்பளைன்னு மொட்டையா சொல்லாதே. என் பேரைச் சொல்லு. ஊரே என்னைச் சோம்பேறிங்குது."

தலைநகரில் ஹோட்டல் மாடிக் கூடத்தில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். சுருட்டுப் புகை விளக்குகளை மறைத்தது. நெல்ஸ் எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தன் மந்தையின் கணக்கைச் சொன்னார். சந்தேகப்பட்டும் விற்றதைச் சொன்னார். ஐனெஸ் கிராஃப் என்ற பெயரைச் சொன்னார்.

பிறகு ராய்ஸ் எழுந்தார். "தலைவர் பாவமன்னிப்பு கேக்கணும்னா பாதிரியார்கிட்ட கேக்கட்டும். அவர் வேலிக்குள்ள சீக்கு இருந்தா, என் வேலிக்குள்ள சர்க்கார் எதுக்கு வரணும்?"

சிரிப்பு வெடித்தது. பின் வரிசையிலிருந்து யாரோ, "ராஜினாமா பண்ணு!" என்று கத்தினான்.

"எதுக்கு?" என்றார் ராய்ஸ். "பதவிக்காலம் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உக்காந்துட்டுப் போகட்டும்!"

ஓட்டெடுப்பில் தீர்மானம் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. விலகும் தலைவருக்கு மேடையில் வெள்ளி பெல்ட் கொக்கி அணிவிப்பது வழக்கம். அந்த வருஷம் செயலாளர் அதை ஒரு காகிதப் பையில் போட்டு, நடைவழியில் நெல்ஸிடம் நீட்டிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

நோய் கண்ட மாடுகளின் இடது தாடையில் அடையாளச் சூடு போட்டு ஒமாஹா அடிமாட்டுச் சந்தைக்கு ஏற்றினார்கள். நெல்ஸே முன்னால் நின்று ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார். பல மாடுகள் பிறந்தபோது அவரே கையால் இழுத்தெடுத்தவை. அல்மா அன்று கொட்டில் பக்கம் வரவில்லை. கிடேரி வாங்குவதற்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் அவரைத் தேடி வரவும் இல்லை.

ஐனெஸுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. முழங்கால் வலி நிற்கவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை அவள் எம்மெட்டின் டிரக்கைத் தானே ஓட்டிக்கொண்டு நெல்ஸ் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினாள். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"எங்க மந்தையில ஒம்பது மாட்டுக்குச் சீக்கு. எம்மெட் சொல்ல வரமாட்டார். வருவார்னு எதிர்பாக்காதே."

"எதிர்பாக்கல."

"நான் மன்னிச்சுட்டேன்னும் நினைச்சுக்காதே."

நெல்ஸ் வண்டிக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் வந்தார்.

"உன் பேச்சு பத்திரிகையில வந்ததில இருந்து எனக்குக் கடிதமா வருது," என்றாள் ஐனெஸ். "எல்லாம் சங்கத்து ஆளுங்களோட பொண்டாட்டிங்க. அதே காய்ச்சல், அதே வேர்வை, அதே டாக்டர் பேச்சு. இதுவரைக்கும் பதினாலு பேர். ராய்ஸோட மருமகளும் அதுல இருக்கா. சுகாதார அதிகாரியைப் பாக்கப் போறேன். தனியா போனா அவனும் எனக்கு நூல் வாங்கிக் குடுத்து அனுப்பிடுவான். சங்கத்து முன்னாள் தலைவர் ஒருத்தர் கூட வந்தா நல்லது. வேற எந்தத் தலைவரும் வரமாட்டாங்க."

"இப்பவேவா?"

"பின்ன, எப்போ?"

நெல்ஸ் உள்ளே போய்த் தொப்பியையும் கோட்டையும் எடுத்து வந்து ஏறிக்கொண்டார். தலைநகருக்கு நூற்றிருபது மைல். வழியில் இரண்டு பேரும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அந்தக் கடிதங்களெல்லாம் அதிகாரியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த டிசம்பர் மாநாட்டில் அதே தீர்மானம் மறுபடி வந்தது. முன்மொழிந்தவர் வேறொருவர். ராய்ஸ் இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை. ஓட்டெடுப்பு நேரத்தில் கூடத்தைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்ஸுக்கு நாலு வரிசை முன்னால் எம்மெட் கிராஃப் இருந்தார். ஆதரவாகக் கை தூக்கினார். எண்ணி முடிக்கும்வரை தூக்கியே வைத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக, நெல்ஸ் இருந்த பக்கம் திரும்பாமல் வெளியேறினார்.