சிவப்பு ஹால்வின்

மூன்றாவது தகடும் பொருந்தவில்லை. ஃபிட்டர் மணியம் அதைக் கதவின் மேல் வைத்துப் பார்த்தான். கீழே இறக்கிச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினான். மறுபடி தூக்கி வைத்தான். இரும்பு கதவின் நடுவில் மட்டும் தொட்டது. மேலேயும் கீழேயும் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. தகட்டைத் தரையில் போட்டுவிட்டு, வண்டியைப் பார்க்காமல் வீரமுத்துவைப் பார்த்தான்.

“கதவுன்னா தட்டையா இருக்கணும்ணே. இது புள்ளத்தாச்சி வயிறு மாதிரி முன்னால வந்துட்டுப் பின்னால போவுது. இந்த வளைவுக்கு இரும்பை வளைக்க நம்ம ஸ்டோர்ல ஏது மிசின்?”

“முன் கண்ணாடிக்காவது போட முடியுமா?”

“அதுவும் வளைஞ்சுதானே கெடக்கு. போதாக்குறைக்கு ஒரு ஓட்டை கூடப் போடக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. ஓட்டை போடாம இரும்பை எதுல மாட்டுறது, சொல்லுங்க.”

வீரமுத்து தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. ஹால்வின் கார் கம்பெனியின் கறுப்பு வண்டியை அந்தத் தோட்டத்தில் இத்தனை வருடம் ஓட்டியவன் அவன்தான். அது பெட்டி போல நேராக, கோடு கிழித்தது போல இருக்கும். மணியம் ஒரே நாளில் அதற்கு நாலு பக்கமும் குண்டு தாங்குகிற இரும்புத் தகடு அடித்து, டிரைவர் பார்க்க இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு விட்டுக் கொடுத்துவிட்டான். உள்ளே வெக்கை தாங்காது, வியர்வை முதுகோடு வழிந்து சீட்டை நனைக்கும். ஆனால் அந்த வெக்கைக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதைச் சிரம்பானுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குத் தொரை வாங்கி வந்திருந்த புது ஹால்வின்தான் இது.

மேல் பாதி சந்தன நிறம், கீழ்ப் பாதி மிளகாய்ப்பழச் சிவப்பு. முன்னால் வெள்ளிப் பட்டைகள் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. இரண்டு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு போல ஏதோ தூக்கிக்கொண்டு நின்றது. அது எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ராமகிருஷ்ணன் அதைச் சுற்றி வந்து, “ஹால்வின் பேரையே கெடுத்துட்டான்யா” என்றார். சின்னக் கிராணி அதே இடத்தில் நின்றுகொண்டு, “இப்பத்தான் சார் ஹால்வினுக்கு உயிர் வந்திருக்கு” என்றான். இருவரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. தோட்டமே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வீரமுத்துவுக்கு அழகும் வேண்டாம், அசிங்கமும் வேண்டாம். அரை மைல் தூரத்திலிருந்து, கித்தா என்கிற ரப்பர் மரங்களின் நிழலுக்குள்ளிருந்து பார்த்தாலும் இது தொரையின் காடி என்று குருடனுக்கும் தெரியும். அவன் கவலை அதுதான்.

மாயாண்டி ஓட்டியது சாதாரணச் சாம்பல் நிற வண்டி. பக்கத்துத் தோட்டத்து டிரைவர். கோலா சாவா ரோட்டில் ஒரு வளைவில், வெள்ளைக்காரத் தொரைமாரைக் குறிவைத்துக் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகள் மேட்டின் மேல் படுத்துக்கொண்டு சுட்டார்கள். அந்தத் தோட்டத்துத் தொரை தோளில் காயத்தோடு பிழைத்தார். மாயாண்டி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். கருமாதி முடிந்த மறுவாரம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவன் மனைவி செல்லத்திடம் ஆள் வந்தது. வீடு டிரைவருக்கு உள்ளது, டிரைவர் இல்லையென்றால் வீடும் இல்லை. செல்லம் இரண்டு தகரப் பெட்டியோடு லாரியில் ஏறியதை வீரமுத்துவின் மனைவியான பஞ்சாலை நேரில் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று வீரமுத்து அதற்குப் பிறகு நினைக்காத நாளில்லை. விட்டால் அவர்கள் நிலையும் அந்த இரண்டு தகரப் பெட்டிதான்.

தொரையிடம் அவன் கேட்டும் பார்த்துவிட்டான். கறுப்புச் சாயம் அடித்துவிடலாமா என்று பணிவாகத்தான் கேட்டான். தொரை தோட்டத்தில் கற்ற தமிழில், “கருப்பு அடிக்கவா நான் இதே வாங்கினான்? எல்லாரும் பாக்கணும்” என்று சிரித்தார். கழுவாமல் விட்டால் செம்மண் படிந்து மங்கிவிடும் என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் கழுவச் சொல்லி மேற்பார்வை பார்க்கிற மண்டோரை அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சைபுதீன் வந்தான். சிரம்பானில் ஹால்வின் விற்கிற கடையில் வேலை. வெள்ளை சட்டை, வாசனை எண்ணெய், எப்போதும் சிரித்த முகம். சனிக்கிழமை போர்ட்டிக்சன் கிளப்பில் சுற்று வட்டாரத் தொரைமார் கூடுகிறார்கள், அங்கே இந்த வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

“நல்லாப் பளபளன்னு தொடைச்சு வைங்கண்ணே.”

“பாய், நான் ஒண்ணு கேக்கவா? பழைய ஹால்வின் வந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆனா அது ஹால்வின்னு எல்லாருக்கும் தெரியும். பெரிய மனுசன் சத்தம் போட்டா பேசுவான்? அந்தப் பேரை எதுக்கு இப்பிடிக் கோமாளி வேசம் கட்டி ரோட்டுல விடுறீங்க?”

சைபுதீன் மட்கார்டைத் தடவிக்கொண்டே சொன்னான். “பழைய மாடல் கடையில தூசி பிடிச்சு நிக்குதுண்ணே. பத்துப் பேரும் நல்லாருக்குன்னு சொல்ற காடியை ஒருத்தனும் வாங்க மாட்டான். பத்துல அஞ்சு பேரு காறித் துப்பணும். அப்பத்தான் மத்த அஞ்சு பேரு பிடிவாதமா வாங்குவான். அதுதான் யாவாரம் லா.”

“துப்புறவன் துப்பிட்டுப் போவட்டும். சுடுறவனுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

சைபுதீன் சிரிப்பை விடவில்லை. ஆனால் கையை மட்கார்டிலிருந்து எடுத்துக்கொண்டான்.

அன்று முழுவதும் வீரமுத்துவுக்கு ஒரே ஒரு ஆசைதான். நாளைக்குத் தொரைமார் எல்லாரும் சேர்ந்து காறித் துப்ப வேண்டும். அஞ்சு பேர் போதாது, பத்துப் பேரும் துப்ப வேண்டும். மானம் போனால் தொரை இதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய கறுப்பு வண்டியைக் கொண்டுவருவார். இதை அவன் சாமியிடமும் சொல்லி வைத்தான்.

சனிக்கிழமை காலை ஷெட்டைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சந்தன நிறத்துப் பானெட்டின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. தொட்டால் ஒட்டியது. தார். வெட்டுக் கத்தி ஆழமாக இறங்கிக் காயம்பட்ட மரப்பட்டைக்குப் பூசுகிற தார். பால் வெட்டுக்குக் கிளம்பி நின்ற பஞ்சாலையின் வாளிக்குள் அந்த டப்பா இருந்தது.

“அறிவு இருக்கா ஒனக்கு?”

“திருஷ்டிப் பொட்டு வெச்சேன். ஊர்க் கண்ணு பூரா அது மேலதான் இருக்கு. நல்லாருக்குன்னு சொல்றவன் கண்ணும் கெட்ட கண்ணுதான், நல்லால்லன்னு சொல்றவன் கண்ணும் கெட்ட கண்ணுதான். உள்ள ஒக்காந்திருக்கிறது நீங்கதானே.”

“அதுக்கு மையைக் கொஞ்சம் தொட்டு வெக்கிறது. தாரா பூசுவாங்க?”

“மை மழையில போயிரும்.”

தலையில் அடித்துக்கொண்டு மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான். பொட்டின் மேல் வைக்கப்போன கை பாதியில் நின்றது. இந்தத் தாரைத் தேய்த்தால் சாயமும் சேர்ந்துதான் வரும். வந்தால் மறுபடி அடிக்க வேண்டும். கறுப்பைத் தவிர வேறு எந்த நிறம் தாரை மறைக்கும்? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நாலு தொரைமார் கூடுகிற இடத்தில் மூஞ்சியில் தாரோடு போய் நின்றால் எவன் சிரிக்காமல் இருப்பான்? துணியை மடித்துப் பழைய இடத்தில் வைத்தான். தொரை எப்போதும் வலது பின்கதவால் ஏறுகிறவர். இடது ஓரத்தை அவர் பார்க்க மாட்டார். கட்டிய சோற்றுப் பொட்டலத்தைக் கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வண்டியை வெளியே எடுத்தான். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, தோட்டத்துக் கம்பிவேலியைத் தாண்டி ஒரு பருக்கைச் சோறும் போகக்கூடாது என்பது சட்டம்.

கிளப்பில் எல்லாம் அவன் நினைத்தபடியே தொடங்கியது. கையில் கிளாஸோடு தொரைமார் வெளியே வந்தார்கள். செம்பட்டை மீசைக்காரர் ஒருவர் வண்டியைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். சர்க்கஸ், ஐஸ்கிரீம் லாரி என்கிற வார்த்தைகள் வீரமுத்துவுக்குப் புரிந்தன. இன்னொருவர் ஹால்வின் என்ற பெயரைச் சொல்லி, செத்தவருக்குத் துக்கம் கேட்பது போலத் தொப்பியைக் கழற்றினார். அவனுடைய தொரையின் காது சிவந்துகொண்டே போனது. ஒல்லியான ஒரு தொரை மட்டும் பேசாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரத்தடியில் நின்ற வீரமுத்துவுக்குப் பசிகூட மறந்துபோயிருந்தது. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் ஐயா என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒல்லித் தொரைதான் பொட்டைக் கண்டுபிடித்தார்.

“வீரமுத்து, என்ன இது?” தொரையின் குரல் கிளப்புக்கே கேட்டது.

அவன் வாயைத் திறப்பதற்குள் சைபுதீன் முந்திக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டான். கையால் கன்னத்தில் பொட்டு வைத்துக் காட்டினான், கண்ணைக் காட்டினான், வண்டியைக் காட்டினான். ராஜா வீட்டுப் பிள்ளை என்று ஏதோ வந்தது. சிரிப்பு நின்றது. மீசைக்காரர் வீரமுத்துவை அருகே கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

“உன் சம்சாரமா வெச்சா? எதுக்கு?”

“கண்ணு படும்னுங்க, தொரை.”

“அவ்வளவு அழகா இது?”

இல்லை, இது என்னைக் கொன்றுவிடும் என்று அவள் பயப்படுகிறாள். அதைத்தான் அவன் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. எதிரே அவனுடைய தொரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமாங்க, தொரை” என்றான்.

அவ்வளவுதான். மீசைக்காரர் ஓர் அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, வண்டியைப் புதிதாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். ஒல்லித் தொரை சைபுதீனோடு கை குலுக்கினார். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர், நீல நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டார். சைபுதீன் தூரத்திலிருந்து வீரமுத்துவைப் பார்த்துக் கண்ணடித்தான். வீரமுத்துவுக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. அதை யாருக்கு விடுவது என்றுதான் தெரியவில்லை. கட்டிய மனைவியையா, சைபுதீனையா, மண்ணெண்ணெய்த் துணியை மடித்து வைத்த தன்னையேவா?

கிளம்பும்போது தொரை ஹால்வினில் ஏறவில்லை. தகடு அடித்த மூன்று வண்டிகள் பக்கத்தில் நின்றன. அதே வழியில் திரும்புகிற தொரைமார் வண்டிகள்.

“நீ முன்னே போ” என்றார். “நாங்க பின்னாலே வர்றான். வண்டி ஓடும்போது பின்பக்கம் எப்படி இருக்குன்னு இவங்க பாக்கணும். மெதுவா போ.”

“தொரை நம்ம காடியில வரலீங்களா?”

“பின்னாலே இருந்தாத்தான் நல்லா தெரியும்.” சொல்லிவிட்டு மீசைக்காரரின் வண்டிக்குள் குனிந்து ஏறினார். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

வீரமுத்து சைபுதீனிடம் வந்தான். “பாய், நீங்களாச்சும் ஏறுங்க. போற வழியில சுவாவுல எறக்கி வுடுறேன். நல்ல காடிதானே.”

சைபுதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “நான் பஸ்ஸுல போயிக்கிறேன்ணே” என்றான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

லுக்குட் ஊரைத் தாண்டும் வரை ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு வீடுகள் குறைந்தன, பிறகு இல்லை. இரண்டு பக்கமும் கித்தாக்காடு. பின்னால் மூன்று வண்டிகளும் இடைவெளி விட்டு வந்தன. அவன் கொஞ்சம் வேகமெடுத்தால், மெதுவாகப் போகச் சொல்லி ஹாரன் அடிக்கும். பெரிய கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. இடுக்கு வழியாகவே ரோட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இந்த வண்டி நல்லதா கெட்டதா என்று இத்தனை பேர் இத்தனை நாளாக அடித்துக்கொண்டார்களே, இதற்குள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர்களில் ஒருவருக்கும் கண்ணில் படவில்லையா? படவில்லைதான். பட்டது பஞ்சாலைக்கு மட்டும். அவள் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. மற்ற கோபமெல்லாம் வயிற்றில் பசியோடு சேர்ந்து எரிந்தது.

சுவாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம். முன்னால் ரோடு மேட்டை அறுத்துக்கொண்டு வளைந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு லாலான் புல். காற்று இல்லை, ஆனாலும் ஓர் இடத்தில் புல் அசைந்தது போலத் தெரிந்தது. கோழியாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

வீரமுத்து பிரேக்கை மிதித்தான். வண்டியை ரோட்டின் நட்டநடுவில் நிறுத்தி, சாவியைத் திருப்பி எடுத்தான். கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். இறங்கியது சரியா தப்பா, சுடுகிறவனுக்கு இதுதான் வசதியா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அதற்குள் உட்கார முடியாது, அவ்வளவுதான் தெரிந்தது. ரோட்டோரத்து மைல்கல்லின் மேல், மேட்டுக்கு முதுகைக் காட்டி, பின்னால் நின்ற மூன்று வண்டிகளையும் பார்த்தபடி உட்கார்ந்தான்.

ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றும் சேர்ந்து அடித்தன. இறங்கி வந்து என்ன என்று கேட்க ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை. வெயில் அந்த இரும்பின் மேல் காய்ந்தது. முதல் வண்டியின் தகட்டு இடுக்கு வழியாக ஒரு வெள்ளைக் கை மட்டும் மணிக்கட்டு வரை வெளியே வந்து, போ, போ என்று காட்டிக்கொண்டே இருந்தது.