எதிர்த்தரப்பு எங்கே?

பெரிய வக்கீலுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன செய்தி வந்தபோது வக்கீலம்மா கோர்ட் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள், "அந்த வாய்க்கா இந்த கதி!" என்று உச்சுக்கொட்டினார்கள். அவளும் உச்சுக்கொட்டினாள். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. எத்தனையோ வருஷமாக எதிரெதிராக நின்று வாதாடியவர்கள் அவர்கள் இருவரும். வராந்தாவில் நேருக்கு நேர் வந்தால் ஒரு தலையசைப்பு உண்டு. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அதனால்தான், சில மாதம் கழித்து அவருடைய மனைவி ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த வக்கீலம்மாவின் ஆபீஸுக்குப் படியேறி வந்து நின்றபோது, உட்காருங்கள் என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என் பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. சொல்வன்மைத் தாள் எடுத்திருக்கா. அவங்கப்பாவே சொல்லிக் கொடுக்கிறதா இருந்துச்சு," என்றாள் அந்த அம்மா. "இப்ப அவரால முடியல. டியூஷன் சென்டர்ல எல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன். பாதி வருஷத்துல யாரும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. வக்கீல் ஆகறதுக்கு முன்னாடி நீங்க இந்தப் பாடம்தான் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தீங்கன்னு சொன்னாங்க."

சட்டக் கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் எடுக்கிற கூடுதல் தாள் அது. ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் நம்மை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு ஒரு கேள்வியை எடுத்து நம் பக்கத்தை நாமே நிறுவ வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பேற்ற முடியாது. பள்ளியில் முதலாவதாக வருகிற பிள்ளைகளே அதில் மண்ணைக் கவ்வுவதுண்டு.

"அவருக்குத் தெரியுமா, நீங்க இங்க வந்தது?"

"தெரியும். உங்க பேரைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. அதாவது..." அந்த அம்மா லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அவருக்கு இப்ப வர்றது ஒரே வார்த்தைதான். 'அதுதான்'. பசிச்சாலும் அதுதான், கோவம் வந்தாலும் அதுதான். நாமதான் புரிஞ்சுக்கணும். ஆனா நாம பேசுறது எல்லாம் அவருக்கு நல்லாப் புரியுது."

சனிக்கிழமை சாயங்காலம் அனுப்புங்கள் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாள். இரக்கம் என்று சொன்னால் பாதிப் பொய். அந்த வீட்டுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசையும் அதில் கலந்திருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் சொன்னாள்.

பெண்ணை வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்களாம். ஒடிசலான உடம்பு, ஓயாத வாய். முதல் நாளே, "மேடம், நான் நல்லா எழுதுவேன். ஆனா மார்க் வர மாட்டேங்குது. ஏன்னு சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவின் குரல் அப்படியே அவளிடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கோர்ட்டில் நிற்பது போல இருக்கும்.

எழுத்திலும் அப்பாதான். அடுக்கிக்கொண்டே போவாள், நடுவில் ஒரு நக்கல் வைப்பாள், கடைசியில் கைதட்டலுக்கு நிறுத்துவாள். "நீ திருத்துறவரை ஜெயிக்கப் பாக்கிற. அவர் உன்னோட எதிரி இல்ல. அவரைக் கூடக் கூட்டிட்டுப் போ," என்று வக்கீலம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். குருவி தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் மறுபடி அதே வாண வேடிக்கையோடு வந்து நிற்பாள். ஆனாலும் அந்தச் சாயங்காலங்கள் வக்கீலம்மாவுக்குப் பிடித்துப்போயின. சனிக்கிழமை வந்தால் மேஜையில் கிடக்கும் கேஸ் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை குருவி வீட்டில் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தாள். நீங்கள் அறிந்த ஒரு பேச்சு கேட்பவரை எப்படி வென்றது என்பது தலைப்பு. வக்கீலம்மா பேனாவைத் திறந்துகொண்டு படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பத்தியில் பேனா நின்றுவிட்டது.

ஒரு துணி ஆலை வழக்கு. வெட்டு மெஷினில் விரல்களை இழந்த ஒரு பெண், மெஷினில் காப்புத் தகடு இல்லை என்று சாட்சிக் கூண்டில் சொல்ல வருகிறாள். திக்குவாய். "கா... கா..." என்று அதற்கு மேல் போக முடியாமல் நிற்கிறாள். ஆலைக்காக வாதாடிய வக்கீல் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பி எட்டிப் பார்க்கிறார். "காக்கா ஒண்ணையும் காணோமே," என்கிறார். கோர்ட்டே சிரிக்கிறது. நீதிபதியும் சிரிக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எதற்கும் தலையை மட்டுமே ஆட்டினாள். வழக்கு ஆலை பக்கம் முடிந்தது. சிரிப்பு கேட்பவரின் தயக்கத்தை உடைத்து அவரைப் பேச்சாளரின் கூட்டாளி ஆக்கிவிடுகிறது என்று குருவி அழகாக விளக்கியிருந்தாள்.

அதுவரை அவள் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான்.

வக்கீலம்மா ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினாள். நீளமாகப் போன ஒரு வாக்கியத்தை உடைத்தாள். பிறகு ஓரத்தில், 'எதிர்த்தரப்பு எங்கே?' என்று எழுதினாள்.

குருவி எட்டிப் பார்த்தாள். "இதுல என்ன மேடம் எதிர்த்தரப்பு? அவங்கதான் தோத்துட்டாங்களே."

"தோத்தவங்களுக்குன்னு ஒரு தரப்பு கிடையாதா?"

"இருக்கும். ஆனா அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பக்கம் யாரு நின்னாங்கன்னு சொன்னதே இல்ல."

"நான்தான் நின்னேன்."

குருவி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எழுந்து ஆட்சேபிச்சேன். சிரிப்புல யார் காதுலயும் விழல. அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியாம இல்ல. கொஞ்சம் கூட நேரம் குடுத்திருந்தா சொல்லியிருப்பாங்க. தகடு நிஜமாவே இல்ல," என்றாள் வக்கீலம்மா.

குருவி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வக்கீலம்மாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தோமா, இல்லை முடங்கிக் கிடக்கிற மனுஷன் மேல் இருந்த பழியை ஒரு சின்னப் பெண்ணிடம் தீர்த்துக்கொண்டோமா? இரண்டுக்கும் சாட்சி இருந்தது. தீர்ப்புதான் வரவில்லை.

ஒரு நாள் அந்த அம்மா போனில் கூப்பிட்டாள். "என்னங்க சொன்னீங்க அவகிட்ட? யார்கூடவும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறா."

வக்கீலம்மா மறைக்காமல் சொன்னாள். 

"அந்தக் காக்கா கதையைச் சொந்தக்காரங்க கூடுற இடத்துல எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிச்சிருக்கோம். நானே எத்தனையோ தடவை எடுத்துக் குடுத்திருக்கேன்," என்றாள் அந்த அம்மா. பிறகு, "அனுப்பி வைக்கிறேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

குருவி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போடவில்லை, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அப்பாவை முடி வெட்டக் கூட்டிட்டுப் போனேன் மேடம். எவ்வளவு குறைக்கணும்னு கடைக்காரர் கேட்டார். அப்பா, 'அதுதான், அதுதான்'னார். பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தர் அதே மாதிரி சொல்லிக் காட்டினார். எல்லாரும் சிரிச்சாங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சார். அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"கட்டுரையைத் திருப்பி எழுதினேன். அந்தம்மா பக்கத்துல இருந்து. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா வேணாம்னு சொன்னாங்க. கேக்காம படிச்சிட்டேன்."

"என்ன பண்ணினார்?"

"இடது கையால தாளை வாங்கிக் குப்புறப் போட்டார். ரொம்ப நேரம் அதும் மேலயே கையை வெச்சிருந்தார். அப்புறம் அவரே திருப்பி, என் பக்கம் தள்ளி விட்டார். உங்ககிட்ட கொண்டு போன்னு சொல்றாரா, கண்ணுல காட்டாதேன்னு சொல்றாரா, தெரியல. நான் கொண்டு வந்துட்டேன்."

வக்கீலம்மா தாளை வாங்கிப் படித்தாள். நக்கல் இல்லை, அடுக்கு இல்லை. சில இடத்தில் அழுகை முந்திக்கொண்டு வாதத்தைக் கெடுத்திருந்தது. அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணாவது பத்தி முதல்ல வரணும். இங்க நீ கெஞ்சுற. கெஞ்சாதே, காட்டு. அப்பாவைத் திட்டியிருக்கிற இடத்தை எடுத்துடு. அவர் பண்ணினதைச் சொன்னா போதும், திட்டத் தேவையே இல்ல."

அன்றைக்குத்தான் குருவி முதல்முறையாகப் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

அந்த வாரமே வக்கீலம்மா அந்தத் துணி ஆலைப் பெண்ணுக்குப் போன் செய்தாள். வழக்கில் தோற்ற அவள் இப்போது வேறு ஊரில், மிச்சமிருக்கிற விரல்களை வைத்துக்கொண்டு துணி திருத்திக் கொடுக்கிற கடை நடத்துகிறாள். அவ்வப்போது நலம் விசாரித்துக்கொள்வார்கள். பெரிய வக்கீலுக்கு ஆனதைச் சொன்னதும், மறுபக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"பே... பேச்சே வரலையா?"

"வரல."

"எனக்கு ச... சந்தோஷமும் வரல மேடம், வருத்தமும் வரல. அந்தப் பொண்ணு எ... எழுதினதை எனக்கு அனுப்ப வேணாம். நல்லாப் படிக்கட்டும். வேலை கிடக்கு, வெ... வெச்சிடறேன்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது காதில் விழுந்த பிறகுதான் போன் அணைந்தது.

பரீட்சையில் வந்த கேள்விக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஊருக்குள் ஹாரன் அடிப்பதைத் தடை செய்யலாமா கூடாதா என்று கேட்டிருந்தார்கள். வெளியே வந்த குருவி மதில் ஓரமாக நின்றிருந்த வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா பத்தி ஒரு வரி எழுதல மேடம். லாரி ஓட்டுறவங்க பக்கத்தைத்தான் நிறைய எழுதினேன். அவங்களுக்கு ஹாரன் ஏன் வேணும்னு முழுசாச் சொல்லிட்டு, அப்புறம்தான் வேணாம்னு சொன்னேன்." பிறகு மார்க் வந்தபோது அந்தத் தாளில் முதல் தரம் வரவில்லை, இரண்டாம் தரம்தான் வந்தது. சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்க அது போதுமானதாக இருந்தது.

முடிவு வந்த வாரம் அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டாள். போகலாமா வேண்டாமா என்று வக்கீலம்மா நாலு நாள் இழுத்தடித்தாள். பிறகு போனாள்.

பெரிய வக்கீல் சலவைச் சட்டை போட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கை காட்டி, எதிரில் உட்கார்ந்தாள். மேஜை இல்லாமல் இவ்வளவு பக்கத்தில் இருவரும் உட்கார்ந்ததே இல்லை.

"அதுதான்," என்றார். முகம் சிவந்தது. உதடு எதையோ தேடியது. "அதுதான்... அதுதான்..."

"நல்லா சொல்லிக் கொடுத்தீங்கன்னு சொல்றார்," என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"அம்மா, அவரே சொல்லட்டும்," என்றாள் குருவி.

எல்லாரும் காத்திருந்தார்கள். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தலையை ஆட்டி அவரை அவசரப்படுத்தவும் இல்லை. டீயில் ஆடை படிந்தது. அவர் பல தடவை முயன்றார். கடைசி வரை அந்த வார்த்தை வரவில்லை. அது மன்னிப்பா, நன்றியா, இல்லை பழைய நக்கலின் மிச்சமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தோள் தளர்ந்து அவர் சாய்ந்துகொண்டார்.

"அந்தத் துணி ஆலை அம்மா தையல் கடை வெச்சிருக்காங்க. நல்லா இருக்காங்க. நான் பேசினேன்," என்றாள் அவள்.

அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அந்தக் கையை விலக்கப் போகவில்லை.

அவள் கிளம்பியபோது வாசல் வரை வந்தே தீருவேன் என்பது போலப் பிடிவாதமாக எழுந்துவிட்டார். ஒரு பக்கம் குருவி தாங்கிக்கொண்டாள். வலது கால் தரையில் இழுபட்டது. வக்கீலம்மா முன்னால் போய்விடாமல், அவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்வரை நின்று நின்று, கூடவே நடந்தாள்.