நடக்கிற வேகம்

தங்கை புருஷன் துரை சொன்ன கதையை அக்கா ஒரு நாளும் நம்பியதில்லை. குறுக்கே நாய் வந்ததாம். ஹேண்டிலை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினானாம். பைக் இடப்பக்கம் போய்க் கல்லில் மோதியதாம். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்குக் கால் முறிந்தது. துரைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"வேகமா போனீங்களா மாப்ளே?"

"நடக்கிற வேகம்தான்க்கா. போன தடவை விழுந்தப்பவே, இனி வேகமா ஓட்டமாட்டேன்னு இவகிட்ட சத்தியம் பண்ணிட்டேனே."

தங்கையும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மெதுவாத்தான்க்கா போனோம்" என்றாள்.

தங்கையே சொன்ன பிறகு வேகத்தைப் பற்றி என்ன கேட்பது? ஹேண்டில்தான் உறுத்தியது. பெண்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் பிழைப்பு. எட்டு வருஷமாகப் பயிற்சி மைதானத்தில் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. திருப்பிய பக்கம்தான் வண்டி போகும். குடித்திருப்பானோ, போன் பேசியிருப்பானோ என்று ஆறு வாரமாக மண்டையைக் குடைந்தது.

நேற்று மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. இன்று சாயங்காலம் தங்கையை அழைத்துப்போக வருகிறான், அதே பைக்கில். அடுத்த தடவை காலோடு போகாது என்று அக்காவுக்குப் பயம். அவன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காலையிலேயே தன் பைக்கை எடுத்தாள்.

மைதானத்தில், நடக்கிற வேகத்தில், வலப்பக்கம் திருப்பினாள். வண்டி சமர்த்தாக வலப்பக்கம் போனது. பத்துத் தடவையும் அப்படியே. மனசு ஆறாமல் வெளியே ஆளில்லாத சாலைக்குப் போனாள். அறுபதில் ஹேண்டிலை வலப்பக்கம் துளி திருப்பியதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமே இழுத்துக்கொண்டு ஓடியது. ஓரங்கட்டி நிறுத்தினாள்.

சாயங்காலம் அவன் வந்தான். தங்கை பையோடு வாசலில் நின்றாள்.

"மாப்ளே, உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். ஹேண்டில் விஷயம் நெஜம்தான்."

"நான்தான் சொன்னேனே" என்று அவன் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"நானே ஓட்டிப் பார்த்தேன். வேகமா போனாத்தான் அப்படி ஆகுது. நடக்கிற வேகத்துல ஆகவே மாட்டேங்குது."

சிரிப்பு நின்றது. அக்கா அவனை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

தங்கை பையைக் கீழே வைத்தாள்.

"எண்பதுக்கா" என்றாள். "மெதுவா போனோம்னு சொல்லச் சொன்னாரு. கீழ கெடக்கும்போதே சொன்னாரு."